உங்கள் கிணற்றுக்கு ஒரு கொப்பி

"கிணத்துத் தண்ணி கரிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கமிருந்து அழைப்பு வருவது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டெம்பரில்தான். போய் மாதிரி எடுத்து, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை வைத்தால் ஓர் எண் வரும். உப்பு அதிகம் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது வேறு. எப்போது தொடங்கியது? மாரி வந்தால் மாறுமா? பக்கத்துக் காணியில் புதிதாகப் பூட்டிய மோட்டரா காரணம்? ஒரு போத்தல் தண்ணீர் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. போன மாரி முடிவில் நீர்மட்டம் எங்கே நின்றது என்று நான் கேட்டால், கிணற்றுக்குள் கையை நீட்டி "இந்த மட்டுக்கு" என்று காட்டுவார்கள். எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் உலகின் பல இடங்களில் கள அவதான நிலையங்களை வலையமைப்பாக நடத்துகிறார்கள். மர உச்சியிலிருந்து நிலத்தடி நீரின் அடிமட்டம் வரை உள்ள படலத்துக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் கிரிட்டிக்கல் சோன். மழை, இலை, வேர், மண், உக்கும் பாறை, கிணற்று நீர் எல்லாம் இதற்குள் அடக்கம். முன்பு மண்ணை ஒருவர் பார்ப்பார், ஆற்றை இன்னொருவர் பார்ப்பார், காட்டை வேறொருவர் பார்ப்பார். இந்த நிலையங்களில் ஒரே நீரேந்துப் பகுதியில் எல்லாவற்றையும் சேர்த்து, வருடக்கணக்கில் அளக்கிறார்கள். அமெரிக்காவில் 2007இல் மூன்று இடங்களில் தொடங்கி, பிறகு பத்தாக விரிந்தது. ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளிலும் இப்படி வலையமைப்புகள் உண்டு.

அப்படி அளந்ததில் கிடைத்த ஒரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கலிபோர்னியாவின் ஈல் ஆற்றுப் பகுதியில், மண்ணுக்குக் கீழே வெடிப்பு விட்டு உக்கிய பாறையே தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. ஆண்டு மழையில் 27 சதவீதம் வரை அதில் தங்கியது. 2018இல் வெளியான முடிவு இது. கோடையில் மரங்கள் அந்த ஈரத்தைத்தான் குடிக்கின்றன. கந்தளாய்க் காட்டோரம் ஆகஸ்டில் மேல்மண் பொடியாகக் கிடக்கும்போது பாலையும் வீரையும் பச்சையாக நிற்பதைப் பார்க்கிற நமக்கு, இது ஏதோ தூரதேசத்துக் கதை அல்ல.

நமக்குக் கிட்ட உள்ளது கர்நாடகத்தின் கபினி ஆற்றுப்படுகை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் அங்கே பந்திப்பூர் காட்டுக்குள் ஓர் இடத்தையும், ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி விவசாயம் செய்யும் பெரம்பாடியையும் தொடர்ந்து கவனிக்கிறார்கள். இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்கி, ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனதைப் படிப்படியாகப் பார்க்க முடிந்தது பல வருடத் தரவு கையில் இருந்ததால்தான்.

திருகோணமலை மாவட்டம் இப்படி ஆராய மிகவும் ஏற்ற இடம். உள்நாட்டில் கடினப் பாறை, கொட்டியார் குடாவில் மகாவலி கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், கரையோரம் மணல். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் காரணம் எரிமலை அல்ல. பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போன மழைநீர்தான் சூடேறி ஏழு கிணறுகளில் மேலே வருகிறது.

இவற்றில் அதிக ஆபத்தில் இருப்பது மணல் நிலக் கிணறுகள். நிலாவெளியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் உள்ள மணலில் மழைநீர், பாரமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: வெங்காயத்துக்கு இறைத்து மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், உப்பு நாளடைவில் 4 மீற்றர் மேலே வரப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் நல்ல மனதோடுதான் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலே ஏறியது. மணலைக் கழுவித் தந்தது மாரி மழை.

சரி, என்ன செய்யலாம்? கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் பெயின்ற்றால் ஒரு குறி போடுங்கள். அளவுநாடாவின் நுனியில் சின்னப் பாரம் ஒன்றைக் கட்டி, கடைசி அரை மீற்றருக்குச் சோக்குக் கட்டியைத் தேயுங்கள். அதிகாலையில், மோட்டர் போட முன், நுனி தண்ணீருக்குள் அமிழும் வரை இறக்கி, குறிக்கு நேரே வரும் அளவைப் படித்துவிட்டு மேலே எடுங்கள். சோக்கு நனைந்த நீளத்தை அதில் கழித்தால், குறியிலிருந்து நீர் வரை உள்ள ஆழம் கிடைக்கும். அதைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை போதும். மாரியில் வாரம் ஒருமுறை என்றால் இன்னும் நல்லது. அடி முதல் வாய் வரை ஒரே அகலமான டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்தால் மழைமானி தயார். தினமும் காலை 8.30க்கு அடிமட்டத்தால் உயரத்தைப் பார்த்து மில்லிமீற்றரில் எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். மின்கடத்துதிறன் மானியை நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

நைத்திரேற்றை மட்டும் வீட்டில் ஊகிக்க முயல வேண்டாம். மணலில் யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக மாறி வேகமாகக் கீழே இறங்கும். நிறமோ மணமோ காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது, கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. வருடத்தில் இரண்டு முறை, கோடை முடிவிலும் மாரி நடுவிலும், ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள்.

கமக்காரர் அமைப்புகளிடமும் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடற்கரையிலிருந்து களப்பு வரை ஒரே கோட்டில் ஐந்து கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். ஒரே காலையில் ஐந்தையும் அளந்து, ஐந்து கொப்பிகளையும் ஒரே அலுமாரியில் வையுங்கள். மழைக்கு முந்தைய மட்டமும் பதிவாக வேண்டும் என்பதால், ஒக்டோபருக்கு முன் தொடங்குவது நல்லது.