உறைவிந்தில் முருங்கை இலைக்கு என்ன வேலை?

வெள்ளகோவில் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "சினை ஊசியில முருங்கைச் சாறு கலந்தா சினை நல்லா நிக்குமாமே, நெசமாங்க?" பாதி நெசம்.

பசுவுக்குச் சினை ஊசியாகப் போட, காளையின் விந்தை முட்டை மஞ்சள் கரு, கிளிசரால் எல்லாம் சேர்த்துக் குழாய் மாதிரியான மெல்லிய குச்சியில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுவது தெரிந்த கதைதான்; உறையும்போது விந்தணுவைக் காக்கும் கிளிசராலின் மகிமை 1949-லேயே தெரிந்துவிட்டது. அந்தக் குளிரில் எத்தனை வருஷம் கிடந்தாலும் விந்தணுவுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும்தான் வினை, பாதியளவு செத்துப்போவது சகஜம்.

பனித்துகள் குத்துவது ஒரு காரணம். இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. விந்தணுவின் மேல்சவ்வில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த கொழுப்பு இருக்கிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவில் மாட்டிய கார்பனில் ஹைட்ரஜன் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கும். ஒரு ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு) வந்து அதைப் பிடுங்கிவிட்டால், பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு தானே ரவுடியாகி, பக்கத்துக் கொழுப்பிடம் பிடுங்கும், அது அடுத்ததிடம், இப்படியே போய்ச் சவ்வு ஓட்டையாகிவிடும். விந்தணுவில் சைட்டோபிளாசமே சொற்பம், அதனால் இதைத் தடுக்கும் நொதிகளும் குறைவு. போதாக்குறைக்குச் செத்த விந்தணுக்கள் வேறு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுகின்றன.

சரி, முருங்கை எங்கே வருகிறது? மூலனூரில் ஏக்கர் கணக்கில் நிற்கிறதே, அதன் இலையில் குவெர்சட்டின் மாதிரி பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் உண்டு. தங்கள் கார்பன் வளையத்தில் தொங்கும் ஒரு ஹைட்ரஜனை அவையே கொடுத்துவிடும். கொடுத்த பிறகு மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவி அடங்கிவிடுவதால், யாரிடமும் பிடுங்கப் போவதில்லை. சங்கிலி அங்கேயே அறுந்தது! கிரீன் டீ, ரோஸ்மேரி சாறுகளையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். நம் ஈரோட்டு மஞ்சளின் குர்குமினுக்கும் இதே குணம்தான், தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதுதான் தொல்லை.

ஆனால் "இயற்கைதானே" என்று அள்ளிக் கொட்டினால் காரியம் கெடும். பசுவின் கருமுட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு விந்தணுவுக்கே கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல் தேவை, அளவு மீறினால் சாறே விஷம். எவ்வளவு சரி என்பது இனத்துக்கு இனம், காளைக்குக் காளை மாறும். காங்கயத்துக்கும் பர்கூருக்கும் தனியாகப் பார்த்தால்தான் தெரியும். ரேக்ளா மேடைகளில் நாட்டு மாட்டுக்காக முழங்குகிறவர்கள் அதற்குக் கொஞ்சம் காசும் ஒதுக்கவைத்தால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம் ஒன்று, இந்தச் சாறெல்லாம் உறையவைக்கும் முன்பே ஆய்வகத்தில் சுத்தப்படுத்தி அளந்து சேர்ப்பது. தொழுவத்தில் நாம் பார்க்க வேண்டியது, உறைந்த குச்சியை உருக்கும்போது வெறும் கையில் தேய்க்காமல் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைக்கிறார்களா என்பதைத்தான்.