இன்டென்ட்: நோக்கமா, ஏவலா?

பால் கணக்கு எழுதிவைக்க ஒரு சின்னச் செயலி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தேடித் திறந்து, பக்கம் மாறி, பொத்தானை அமுக்குவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஐபோனின் ஸ்பாட்லைட் தேடலில் இரண்டு எழுத்து அடித்ததும் 'பால் பதிவு செய்' என்று அந்த வேலையே வந்து நின்றால்? ஐபோனின் குரல் உதவியாளரான 'சிரி'யிடம் வாயால் சொன்னதும் பதிந்துகொண்டால்? அதற்காக நிரலாளர் எழுதித் தரும் துண்டைத்தான் ஆப்பிள் 'ஆப் இன்டென்ட்' என்கிறது. இந்த 'இன்டென்ட்'டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல் ஆப்பிளுடையது மட்டுமல்ல. 2008-இல் வந்த ஆண்ட்ராய்டின் முதல் பதிப்பிலேயே இன்டென்ட் உண்டு. படத்தைப் 'பகிர்' என்று தட்டினால் செயலிகளின் வரிசை எழும்புகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அதுதான். "இதை அனுப்ப யார் இருக்கிறீர்கள்?" என்று ஒரு செயலி பொதுவில் விடும் வேண்டுகோள். ஆப்பிள் 2016-இல் சிரியை மற்றவர்களின் செயலிகளுக்குத் திறந்துவிட்டபோது செய்தி அனுப்புதல், பணம் செலுத்துதல், வண்டி பிடித்தல் போன்ற சில வகைகளுக்கே இடம் கொடுத்தது. பால் கணக்குக்கு இடமில்லை. 2022-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16-உடன் வந்த ஆப் இன்டென்ட்ஸில் எந்த வேலையையும் இப்படி வெளியே காட்டலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். மூலம், இலத்தீனின் 'இன்டென்டெரே'. ஒன்றை நோக்கி இழுத்து நீட்டுதல் என்று பொருள். வில்லை வளைப்பதற்கும் அதே வினைதான். மனத்தை ஒன்றின்மேல் நீட்டுவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

தமிழில் சட்டென வருவது 'நோக்கம்'. நோக்குதல் என்றால் பார்த்தல். அவர்கள் வில்லை நீட்டினார்கள், நாம் கண்ணை நீட்டினோம். அழகான சொல்தான், ஆனால் இங்கே பாதிதான் பொருந்துகிறது. நோக்கம் இருப்பது பால் வாங்கியவரின் மனத்தில். நிரலில் இருப்பதோ ஒரு தலைப்பு, 'எத்தனை லிட்டர்' என்று நிரப்பவேண்டிய ஓர் இடைவெளி, வேலையைச் செய்து முடிக்கும் 'பெர்ஃபார்ம்' என்ற செயற்கூறு. இதில் மனம் எங்கே இருக்கிறது? 'உள்நோக்கம்' என்றாலோ செய்தித்தாள் வாடை அடிக்கும். யாரோ சதி செய்கிறார்கள் என்று தோன்றும்.

என் தேர்வு 'ஏவல்'. 'ஏ' என்றால் பழந்தமிழில் அம்பு. ஏவுதல் என்றால் எய்தல். ஒருவரை ஒரு வேலைக்கு அனுப்புதலும் அதுவே. இலத்தீனின் வில் இங்கேயும் இருக்கிறது, பாருங்கள். இலக்கணத்தில் 'திற', 'அனுப்பு', 'சேர்' எல்லாம் ஏவல் வினைகள். இன்டென்டுகளுக்கு வைக்கும் தலைப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. 'குறுக்குவழி' (ஷார்ட்கட்) என்ற பெயரில் சிரிக்குக் கற்றுத்தரும் சொற்றொடரில் செயலியின் பெயர் கட்டாயம் வரவேண்டும் என்பது ஆப்பிளின் விதி. "முருகா, கதவைத் திற" என்கிறோமே, அதேபோல விளியும் ஏவலும்.

'செயலி ஏவல்' என்று நண்பரிடம் சொன்னபோது, "பில்லி, சூனியம், ஏவல் என்பார்களே, அதுவா?" என்று சிரித்தார். அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பெயர் சொல்லி வேலைக்கு அனுப்புவதுதானே!