ஜன்னல்: காற்று வந்த வழியும் சொல் வந்த வழியும்

வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் ‘ஜன்னல்’ என்ற சொல்லைச் சங்க இலக்கியத்தில் தேடினால் கிடைக்காது. அது கப்பலேறி வந்த சொல். போர்த்துகீசிய மொழியில் ‘ஜனேலா’ என்பார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த வணிகர்களும் பாதிரிமார்களும் சரக்கோடு சொற்களையும் இறக்கினார்கள். சாவி, மேசை, அலமாரி, ஏலம், பீப்பாய் எல்லாம் அந்த வரவுதான். பாதிரி என்ற சொல்லே அவர்கள் தந்தது.

இந்த ஜனேலா தமிழோடு நிற்கவில்லை. மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, வங்காளத்தில் ஜானாலா, மலாயில் ஜெண்டேலா என்று போர்த்துகீசியர் கால்வைத்த கரையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஈழத் தமிழர் ‘யன்னல்’ என்று எழுதுவார்கள். ஜகரம் வேண்டாம் என்பவர்கள் ‘சன்னல்’ என்கிறார்கள். உடுப்பு மாறினாலும் ஆள் ஒன்றுதான்.

ஜனேலாவுக்கும் ஒரு தாய்வீடு உண்டு. லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. அதன் சிறுமை வடிவத்திலிருந்து பிறந்தது ஜனேலா. ஆக, நாம் தினமும் திறந்து மூடும் ஜன்னலுக்கு வேர்ப்பொருள் ‘குட்டிக் கதவு’. வாயில்களின் தெய்வமாக ரோமர்கள் வணங்கிய யானுஸின் பெயரும் இதே குடும்பம்தான். அந்தத் தெய்வத்தின் பெயரில் அமைந்த மாதம் சனவரி. அந்த வகையில் சன்னலும் சனவரியும் ஒன்றுவிட்ட உறவு!

சரி, போர்த்துகீசியர் வருவதற்கு முன்னால் தமிழர் வீட்டில் ஜன்னல் இல்லையா? நிறையவே இருந்தது. மதுரைக்காஞ்சி மதுரைத் தெருவின் வீடுகளைச் சொல்லும்போது ‘சில்காற்று இசைக்கும் பல்புழை நல்லில்’ என்கிறது. புழை என்றால் துளை. இளங்காற்று உள்ளே நுழையும்போது ஓசை எழுப்பும் அளவுக்குப் பல துளைகள் கொண்ட நல்ல வீடுகள். நெடுநல்வாடை இன்னும் நுட்பம். வேனிற்காலப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் ஜன்னலை, வாடைக்காலத்தில் யாரும் திறப்பதில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுகிறார்கள். அங்கே ஜன்னலுக்குப் புலவர் இட்ட சொல் ‘கட்டளை’. இன்றைக்கு அந்தச் சொல்லை ஜன்னலுக்கு வைத்தால் யாருக்கும் புரியாது என்பது வேறு கதை.

எனக்குப் பிடித்த சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகார் நகரத்தின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் இடத்தில் ‘மான்கட் காலதர் மாளிகை இடங்களும்’ என்று ஒரு வரி வரும். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்ற குறளில் வரும் அதே அதர்தான். காற்று வரும் வழி காலதர். அதுவும் மானின் கண்போல வடிவமைத்த காலதர்! ஒரு நகரத்து ஜன்னலின் வடிவத்தை ஈராயிரம் சொல்லில் விளக்க வேண்டியதில்லை, ஒரே தொடர் போதும் என்று நினைத்திருக்கிறார் இளங்கோ.

இதில் ஒரு வியப்பு. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ அவர்களுடைய சொந்தச் சொல் அன்று. வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்சு மொழியின் ‘விண்டௌகா’விலிருந்து வந்தது. பொருள்: காற்றுக் கண். பழைய ஆங்கிலேயர் வைத்திருந்த ‘கண் துளை’ என்ற பொருளுடைய சொல்லை அது துரத்திவிட்டது. ஒருவரையொருவர் அறியாத இரு மொழிகள் காற்றைக் கொண்டே பெயர் வைத்திருக்கின்றன. வெளியே வேடிக்கை பார்ப்பது, கண்ணாடி மலிந்த பிறகு கூடிக்கொண்ட வேலை போலும்.

சாளரமும் சிலம்பில் உண்டு. கோவலனும் கண்ணகியும் இருந்த மாடத்தில், ‘கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து’ வண்டோடு சேர்ந்து தென்றல் புகுந்தது என்கிறது மனையறம்படுத்த காதை. வடமொழியில் வலையையும் வலைபோல் பின்னிய ஜன்னலையும் குறிக்கும் ‘ஜாலம்’ என்ற சொல்லோடு சாளரத்தை இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் கலப்பே கூடாது என்பவர்கள் இதைத் தொடத் தயங்குவார்கள். பலகணி என்பது பல கண்களை உடையது. துளைத்துளையாக அமைந்த ஜன்னலுக்குப் பொருந்தும். ஒலி ஒத்திருப்பதால் மாடி முகப்பாகிய பால்கனிக்குப் பலகணி என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு, இது வேறு. பால்கனி இத்தாலியிலிருந்து வந்தது.

எதை எழுதலாம்? பேச்சில் ஜன்னலை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். ஐந்நூறு ஆண்டு குடியிருந்தவரை வெளியேற்றுவது முறையன்று. எழுத்தில் பொதுவாகச் சாளரம் நன்றாக ஓடுகிறது. கணினித் திரையில் திறக்கும் கட்டத்துக்கும் அதுவே நிலைத்துவிட்டது. காற்றுக்காகவே வைத்த திறப்பைச் சொல்லும்போது மட்டும் காலதர் என்று எழுதிப் பாருங்கள். பன்மை காலதர்கள், ‘காலதரைத் திற’ என்று வேற்றுமையும் இயல்பாக ஏற்கும்.