சிவிடியும் இ-சிவிடியும்: பெயரில் உறவு, பொறியில் இல்லை

நண்பர் ஒருவர் ஹைபிரிட் கார் பார்க்கப் போனார். விற்பனையாளர் "இதில் இ-சிவிடி சார்" என்று சொன்னதுதான் தாமதம், "சிவிடியா? வேண்டாம். மிதித்தால் சத்தம்தான் வரும், வேகம் வராது" என்று எழுந்து வந்துவிட்டார். அவருக்குப் பிடிக்காதது பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ். அவர் பார்க்கப் போன வண்டியிலோ பெல்ட்டே கிடையாது. ஒரு பெயர் இந்த அளவுக்கு ஆளைத் திசைதிருப்புகிறது என்றால் அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் கியர். பழைய நார்ஸ் மொழியில் தளவாடம், உடுப்பு என்று பொருள்பட்ட ஒரு சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. போர்க்கருவி, குதிரைச் சேணம், உடுப்பு என எல்லாத் தளவாடத்தையும் குறித்த அந்தச் சொல்லுக்கு, பல் வைத்த சக்கரம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. பழைய பொருளும் சாகவில்லை. பைக் ஓட்டுகிறவர்கள் 'ரைடிங் கியர்' என்று சொல்லும்போது அதில் பல்லும் இல்லை, சக்கரமும் இல்லை.

தமிழில் இதற்குப் பல்லிணை என்கிறோம். பல் + இணை. ஒரு சக்கரத்தின் பல் இன்னொன்றின் பல்லோடு கோத்துக்கொள்வதையே பெயராக வைத்திருக்கிறார்கள். மூலச்சொல்லைவிட நம் சொல் வேலையை நன்றாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம். பட்டறையில் 'கியர் பல்லு தேஞ்சுபோச்சு' என்பார்கள், பல் அங்கேயும் இருக்கிறது. ஆக, கியர்பாக்ஸ் என்றால் பல்லிணைப் பெட்டி. ஆட்டோமேட்டிக் என்பது தானே இயங்குவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தானியங்கி அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஹைபிரிட் என்ற சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியை லத்தீனில் அப்படி அழைத்தார்கள். பிறகு உயிரியலுக்குப் போய், கடைசியில் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டிக்கு வந்து நின்றது. செய்திகளில் 'கலப்பின கார்' என்று எழுதுகிறார்கள். இனம் என்பது உயிருள்ளவற்றுக்கு; வண்டிக்கு அது எதற்கு? கலப்புத் தானுந்து என்றாலே போதும்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். பழைய பாணித் தானியங்கியில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். டார்க் என்பது முறுக்குவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பாடநூல் தமிழில் திருப்புவிசை, ஆகவே இது திருப்புவிசை மாற்றி. எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். ஒன்று சுழன்றால் எண்ணெய் மற்றதைத் தள்ளிச் சுழற்றும். பாரம் இழுக்கும் பெரிய ஹைபிரிட் வண்டிகளில் இன்றும் இந்த வகை உண்டு. ஏஎம்டி என்பது கையால் மாற்றும் பெட்டிக்கு ஓர் இயந்திரக் கையைப் பொருத்தியது, அவ்வளவுதான். ஹைபிரிட் தேடுகிறவர் அதை அதிகம் சந்திக்க மாட்டார்.

டிசிடி என்றால் இரட்டைக் கிளட்ச். கிளட்ச் என்ற சொல் விரல்களை மடக்கி இறுகப் பிடிப்பதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. தமிழில் உரசிணைப்பி; எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உரசி இணைப்பது, வேண்டும்போது பிரிப்பது. ஒரு கிளட்ச் 1, 3, 5 என ஒற்றைப்படைக் கியர்களையும், மற்றது 2, 4, 6 என இரட்டைப்படைக் கியர்களையும் கவனிக்கும். அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. ஹூண்டாய் ஐயோனிக் ஹைபிரிட்டில் 6 கியர் கொண்ட இந்த வகை வந்தது. கியர் ஏறுவது காலிலும் காதிலும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவருக்கு இது பிடிக்கும். ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் என்றால், நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கும்போது சூடேறும். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது சிவிடி. விரித்துச் சொன்னால் தொடர்ந்து மாறும் விகிதம் கொண்ட செலுத்தம், அதாவது டிரான்ஸ்மிஷன். விகிதம் என்பது எஞ்சினின் சுற்றுக்கும் சக்கரத்தின் சுற்றுக்கும் உள்ளது. தமிழில் தொடர்மாறு செலுத்தம் எனலாம். இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். கப்பியின் இரு பக்கங்களும் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். அப்படி விகிதம் படியே இல்லாமல் வழுக்கி மாறும். 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பெல்ட் வைத்து இப்படி ஒரு காரை அறிமுகப்படுத்தியது. பின்னால் ரப்பர் போய் எஃகு வந்தது. மெல்லிய எஃகுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கோத்த அந்தப் பெல்ட், இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளி வேலை செய்யும். அழுத்தி மிதித்தால் எஞ்சின் முதலில் உச்சத்துக்கு ஏறிக் கத்தும், வேகம் பின்னால் மெல்ல வந்து சேரும். நண்பர் பயந்தது இதற்குத்தான்.

இ-சிவிடி இதன் மின்சார வடிவம் என்றுதான் பெயரைப் பார்த்தால் தோன்றும். அது அப்படியில்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். உள்ளே கோள் பல்லிணை ஒன்று. நடுவில் சூரியன், அதைச் சுற்றும் சிறு கோள்கள், வெளியே எல்லாவற்றையும் அணைத்த வளையம். கோள்களைத் தாங்கும் சட்டம் எஞ்சினோடும், சூரியன் ஒரு மோட்டாரோடும், வளையம் இன்னொரு மோட்டாரோடும் சக்கரங்களோடும் இணைந்திருக்கும். தொடக்கத் தலைமுறைகளில் சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். இரண்டும் சேர்ந்து 108. எஞ்சினின் திருப்புவிசையில் 108க்கு 78 பங்கு, அதாவது சுமார் 72 சதவீதம், நேரே வளையத்துக்குப் போகும். மீதி 28 சதவீதம் சூரியனுக்குப் போய் மின்சாரமாகும்.

வண்டி நிற்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். வளையம் அசையாததால் சூரியன் 3,600 சுற்று சுழல்கிறது. வண்டி நகர நகர சூரியனின் சுற்று குறைகிறது. அந்த மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதாலேயே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் மாறுகிறது. எந்தப் பல்லும் இடம் மாறவில்லை, எதுவும் வழுக்கவில்லை. பெல்ட், கிளட்ச், தனி ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் கியர் எதுவும் இல்லை. பின்னால் போக மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் போதும். எனக்கு இதில் தீராத வியப்பு.

விகிதம் தொடர்ந்து மாறுவதால் சிவிடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே தெரியும் நடத்தையை வைத்து இட்ட பெயர் அது. உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டுமென்றால், எஞ்சினின் திறனை இரண்டு வழியில் பிரித்துத் தருவதால் திறன் பகிர்வி என்பதே சரி, அந்தச் சொல்லைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஹோண்டா தன் இரட்டை மோட்டார் ஏற்பாட்டையும் இ-சிவிடி என்கிறது. அதில் பெரும்பாலும் எஞ்சின் மின்சாரம் செய்யும், மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் எஞ்சினை ஒரே நிலையான விகிதத்தில் சக்கரத்தோடு பூட்டும். நிசானின் இ-பவரில் அந்தப் பூட்டும் இல்லை. எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே கிடையாது. மறுபக்கம், உண்மையான பெல்ட் சிவிடி வைத்த ஹைபிரிட்களும் உண்டு. 2003 மாடல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் அப்படிப்பட்டது.

அதனால் கடையில் 'சிவிடியா, இ-சிவிடியா' என்று கேட்பதோடு விடாதீர்கள். உள்ளே பெல்ட் இருக்கிறதா, எஞ்சின் சக்கரத்தை எப்போது தொடுகிறது என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மேம்பாலத்தில் முழுப் பாரத்தோடு ஏறுங்கள். திறன் பகிர்வி வண்டியிலும் ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் உயரும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் உடனே தள்ளுவதால் கால் மிதித்ததும் வண்டி கேட்கும். நண்பர் மறுவாரம் அதே வண்டியை அப்படி ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும் முதலில் கேட்டது, "இதில் நிஜமாகவே பெல்ட் இல்லையா?"