ஹோஸ்டிங் வாங்கும் முன்பே வெளியேறும் வழியைப் பாருங்கள்

இணையதளம் முடங்கிய பிறகு என்னைத் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். பலருக்குப் பதில் தெரியாது. தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலிலேயே பதிவுசெய்திருப்பார். இப்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்து இயக்கும் வாடகை இடம், சரியில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். டொமைன் கைவிட்டுப் போனால் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. எனவே ‘ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்’ என்ற சலுகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கட்டணத்தில் தகராறு வந்தால் இரண்டும் சேர்ந்தே சிக்கிக்கொள்ளும். டொமைனைத் தனி நிறுவனத்தில், உங்கள் பெயரிலேயே பதிவுசெய்யுங்கள். அதற்குத் தரும் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும்; எச்சரிக்கைக் கடிதமும் உங்களுக்கு வந்து சேராது!

அடுத்தது ‘அன்லிமிடெட்’ என்ற விளம்பரம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை, அதாவது தளங்களை இயக்கும் கணினியை, பல தளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே வரம்பில்லாதது எதுவும் இருக்க முடியாது. விதிமுறைப் பக்கத்தில் ‘ஐநோடு’ (inode) என்று தேடிப் பாருங்கள். எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற உச்சவரம்பு அங்கே இருக்கும். ஒரு சிறு வணிகத் தளத்தில் இடம் தாராளமாக இருந்தும் புதிய படம் எதுவும் ஏற மறுத்தது. காரணம், யாரும் திறக்காத பழைய அஞ்சல் பெட்டி ஒன்று. பல சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு தனிக் கோப்பு. அங்கே குவிந்திருந்த குப்பை அஞ்சல்களே வரம்பைத் தின்றுவிட்டன. சிபியு (சர்வரின் செயலி), நினைவகம் ஆகியவற்றுக்கும் இப்படி வரம்பு உண்டு. அதைத் தாண்டும்போது, அதாவது கூட்டம் வரும் நாளில், தளம் 508 போன்ற பிழையைக் காட்டி நிற்கலாம்.

99.9 சதவீத இயக்க உத்தரவாதம் என்பார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் தளம் படுத்திருக்கலாம் என்று பொருள். அதைத் தாண்டினாலும் கிடைக்கும் ஈடு, வழக்கமாக மாதக் கட்டணத்தில் ஒரு பங்குதான். இழந்த வியாபாரத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியம் பேக்கப், அதாவது தளத்தின் காப்பு நகல். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள். பெரிய நிறுவனம் என்பதற்காக நம்பி இருந்துவிட முடியாது. நிறுவனம் எடுக்கும் பேக்கப் இருக்கட்டும்; கோப்புகளையும், தளத்தின் தகவல்கள் சேமிக்கப்படும் டேட்டாபேஸையும் நீங்களே இறக்கி வேறோர் இடத்தில் வையுங்கள். ஒரு முறையாவது அதிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

பணம் கட்டும் முன் சேவைப் பிரிவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், அதிலிருந்து டேட்டாபேஸை மட்டும் தனியாக மீட்க முடியுமா?” நேரான பதில் வந்தால் மேலே பேசலாம். திட்டப் பட்டியலின் இணைப்பை மட்டும் அனுப்பினால், தளம் விழும் நாளிலும் அதே மரியாதைதான் கிடைக்கும். இணையத்தில் வரும் ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். பலவும் கமிஷனுக்காக எழுதப்படுபவை. முதல் ஆண்டின் தள்ளுபடியை விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது என்ன கட்டணம் என்று பாருங்கள். தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை இலவசமாகத் தரும் காலத்தில், சாதாரணத் தளத்துக்கு எஸ்எஸ்எல் கட்டணம் கேட்கிறவர்களிடம் ஏன் என்று கேளுங்கள்.

வேறு ஹோஸ்டிங்குக்கு மாறுவது என்று முடிவுசெய்துவிட்டால், ஓரிரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவுகளின் (டொமைன் எந்தச் சர்வரைச் சுட்டுகிறது என்று சொல்பவை) டிடிஎல் அளவை, அதாவது மற்ற கணினிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். முகவரி மாற்றம் வேகமாகப் பரவும். பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். பழைய சர்வருக்குப் போய்ச் சேரும் அஞ்சல்கள் சில நாட்கள் வந்துகொண்டிருக்கும். அவற்றை எடுத்துக்கொண்ட பிறகு மூடலாம்.