வித்தியாச ஈவு: அதை விகிதம் ஆக்காதீர்கள்

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி போன கிழமை கணக்குக் கொப்பியோடு வந்தாள். "வேறுபாட்டு விகிதத்தைச் சுருக்குக" என்று தலைப்பு. வித்தியாச ஈவுக்குத்தான் அந்தப் பெயர். கைபேசியில் பார்த்த பாடத்தில் அப்படித்தான் சொன்னார்களாம். இந்த மாதத்தில் நான் இதைக் கேட்பது நாலாம் தடவை.

ஒரு சார்பின் இரண்டு பெறுமானங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை, அவற்றை எடுத்த இரண்டு இடங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வருவது வித்தியாச ஈவு (ஆங்கிலத்தில் difference quotient). வளையியில் அது அந்த இரண்டு புள்ளிகளைத் தொடுக்கும் நாணின் படித்திறன், அதாவது சரிவு. 'ஈ' என்றால் கொடு. ஈகையும் ஈதலும் அதில் பிறந்தவை. பங்கிடும்போது ஆளுக்கு வருவது ஈவு. 17 ஐ 5 ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2 என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம்.

அப்படியிருக்க விகிதம் எதற்கு? ஒரே வகைக் கணியங்கள் இரண்டை ஒப்பிடுவது விகிதம். ஒரு வாளி சீமெந்துக்கு ஐந்து வாளி மணல் என்றால் 1:5. அங்கே வாளியும் வாளியும் நிற்கின்றன. மாரியில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 4 மணித்தியாலத்தில் 6 அங்குலம் ஏறியது என்று வையுங்கள். அங்குலத்தையும் மணித்தியாலத்தையும் விகிதமாக நிறுத்த முடியாது. வகுத்தால்தான் மணித்தியாலத்துக்கு ஒன்றரை அங்குலம் என்று பொருள் வரும். அப்போ வீதம் என்று சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம், 'சராசரி மாற்ற வீதம்' நல்ல சொல்தான். ஆனால் அது பொருளைச் சொல்கிறது. கடதாசியில் நிற்கும் அந்தக் கோவைக்கும் ஒரு பெயர் வேண்டும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிது. விகிதத்தில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருக்கும். இந்தக் கணக்கிலோ வேலையே வகுத்து முடிப்பதுதான். வர்க்கச் சார்பை 3 இல் எடுங்கள். 3.1 இன் வர்க்கம் 9.61, அதில் 9 போக 0.61, 0.1 ஆல் வகுக்க 6.1. இடைவெளியை 0.01 ஆக்கினால் 6.01. இடத்தை எக்ஸ், இடைவெளியை எச் என்று வைத்துப் பொதுவாகச் செய்தால் தொகுதியில், அதாவது பின்னத்தின் மேலே, எக்ஸ் வர்க்கங்கள் கழிந்துபோய் 2எக்ஸ்எச் கூட்டல் எச் வர்க்கம் மிஞ்சும். அதை எச் ஆல் வகுக்க 2எக்ஸ் கூட்டல் எச். இதுதான் ஈவு. எச் பூச்சியம் அல்ல என்பதால்தான் வகுக்க முடிந்தது. எச் ஐப் பூச்சியத்தை நோக்கி நகர்த்தி எல்லை எடுப்பது (3 இல் அது 6) அதற்குப் பிறகு வரும் வேலை.

'வகையீட்டு ஈவு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். வகையிடல் என்பது எல்லை எடுத்த பிறகு வரும் சங்கதி. எல்லை எடுக்க முன்பே அந்தப் பெயரைச் சூட்டினால், 6.1 க்கும் 6 க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை எப்படிப் பிடிப்பாள்?

வித்தியாசம் வடசொல், வேறுபாடுதான் தமிழ் என்று சண்டைக்கு வருபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் மாட்டுக்கும் எருமைக்கும் இருப்பதும் வேறுபாடுதான். கழித்து வருவதை நாங்கள் வித்தியாசம் என்றே படித்தோம்: பொது வித்தியாசம், இரு வர்க்கங்களின் வித்தியாசம். பழகிய அந்தச் சொல்லை இங்கே மட்டும் மாற்றினால் தொடர்பு அறுந்துபோகும். 'வேறுபாட்டு ஈவு' என்று எழுதினால் நான் பிழை போடமாட்டேன். 'விகிதம்' என்றால் போடுவேன்.

மொழிபெயர்ப்பவர்கள் கணக்கைச் செய்து பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பதால் வரும் வினை இது. ஓரிடத்தில் quotient ஐ quotation ஆக்கி 'வேறுபாடு மேற்கோள்' என்றுகூட எழுதியிருக்கக் கண்டேன். ஒரே ஒரு கணக்கைச் செய்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது.

அந்தப் பிள்ளையின் பிழையும் தலைப்போடு நிற்கவில்லை. எக்ஸ் இருந்த இடமெல்லாம் எக்ஸ் கூட்டல் எச் போடாமல், சார்பின் கடைசியில் எச் ஐ ஒட்டிவிட்டாள். எந்தச் சார்புக்கும் விடை 1 என்று வந்தது. ஈவு என்றால் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பார், என்றேன். 3 இலும் 3.1 இலும் வர்க்கத்தைத் தானே எழுதிக் கழித்தாள், வகுத்தாள், 6.1 வந்தது. பிறகு தலைப்பையும் வெட்டி எழுதினாள்.