ஸ்டைல்ஷீட்: பாணித் தாளா, ஒப்பனைத் தாளா?

விக்கிப்பீடியால புதுசா எழுத வர்றவங்ககிட்ட "கலரு, சைஸ் எல்லாம் கட்டுரைக்குள்ள போடாதீங்க, அது ஸ்டைல்ஷீட் பாத்துக்கும்"னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியறதில்ல, அதனால அந்த வார்த்தையையே பிரிச்சுப் பாத்துடலாம்.

ஸ்டைலுக்கு மூலம் லத்தீன்ல ஸ்டிலுஸ். மெழுகுப் பலகைல கீறி எழுதற கூரான குச்சி, கிட்டத்தட்ட நம்ம எழுத்தாணி. கருவியோட பேரு எழுதற விதத்துக்கு ஆகி, அப்புறம் உடுத்தற விதம் பேசற விதம்னு எல்லாத்துக்கும் பரவிடுச்சு. வெப் பக்கத்தோட தோற்றத்தைத் தனியா ஒரு தாள்ல எழுதி வைக்கற யோசனை பலருக்கு இருந்தாலும், இன்னிக்கு ஸ்டைல்ஷீட் எழுதற மொழியான சிஎஸ்எஸ்ஸை (Cascading Style Sheets) 1994 அக்டோபர்ல செர்ன்ங்கற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்துல இருந்த ஹோகோன் வியும் லீ முன்மொழிஞ்சாரு, 1996 டிசம்பர்ல அது தரநிலையாச்சு. எது தலைப்பு, எது பத்தின்னு சொல்றது வெப் பக்கத்தை எழுதற மொழியான எச்டிஎம்எல். அது எப்படித் தெரியணும்ங்கறது சிஎஸ்எஸ்.

பலர் சேந்து எழுதற பக்கத்துல இது ரொம்ப முக்கியம். ஒருத்தர் ரெண்டு பக்கமும் சமக்குறி போட்டுத் தலைப்பு வைக்காம, எழுத்தைத் தடிமனாக்கிப் பெருசு பண்ணி விட்டுடறாருன்னு வைங்க, கண்ணுக்குத் தலைப்பு மாதிரிதான் இருக்கும், ஆனா பொருளடக்கத்துல வராது, பார்வையில்லாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல தலைப்பு தலைப்பா தாவிப் படிக்கறப்ப அந்தப் பகுதியையே தாண்டிப் போயிடுவாங்க. அதே மாதிரி அட்டவணைக் கட்டத்துக்கு வெளிர் மஞ்சள் பின்னணி மட்டும் நேரடியா குடுத்திருந்தா, டார்க் மோட்ல எழுத்து வெள்ளையா மாறும், மஞ்சள் அப்படியே நிக்கும், ஒண்ணும் படிக்க முடியாது.

சரி, தமிழ்ல? பாணித் தாள்னு எழுதறாங்க. எனக்கு அது ஒட்டல. ஒரு பாடகரோட பாணி அவர் பாடற பாட்டுக்குள்ளயே இருக்கு, தனியா கழட்டி வைக்க முடியாது. நடைன்னு சொன்னாலும் அதே சிக்கல். ஒப்பனை அப்படி இல்ல, கூத்து முடிஞ்சு அரிதாரத்தைத் துடைச்சா ஆளு அப்படியே இருக்காரு, நாளைக்கு அவருக்கே வேற வேஷம் கட்டலாம். இங்க வேணுங்கற அர்த்தம் அதுதானே. அதனால என் ஓட்டு ஒப்பனைத் தாளுக்கு, எச்டிஎம்எல் பக்கம் இருக்கறதுக்குக் கட்டமைப்பு.

பல கட்டுரைகள்ல அப்படியே எடுத்துப் போடற டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புருங்கற அருமையான சொல் ஏற்கெனவே நிலைச்சிருச்சு. 2018 வாக்குல விக்கிப்பீடியாக்களுக்கு டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ்னு ஒரு வசதி வந்துச்சு, ஒவ்வொரு வார்ப்புருவுக்கும் சிஎஸ்எஸ்ஸைத் தனிப் பக்கத்துல வைக்கலாம். அதை வார்ப்புரு ஒப்பனைன்னு சொல்லிப் பாருங்க, விளக்கமே தேவைப்படாது.